டாலெக்கின் குரல்

இலண்டனில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் சென்ற மாதம் போனில் கேட்டான்: "தாத்தா, உங்க கம்ப்யூட்டர்ல டாலெக் குரல் பண்ணித் தர முடியுமா? ஸ்கூல் டிராமாவுக்கு வேணும்." டாலெக் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஆங்கிலத் தொடர்கள் பக்கம் போனதில்லை. தெரியாது என்று பேரனிடம் சொல்ல மனம் வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.

பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடர் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. முந்தின நாள்தான் அமெரிக்காவில் கென்னடி சுடப்பட்டார். நம் வயதுக்காரர்களுக்கு அந்த வாரம் நினைவிருக்கும். அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று டாலெக்குகள் முதன்முதலாகப் பேசின. இரக்கம் என்பதே இல்லாத ஒரு இனம், இரும்புக் கூட்டுக்குள் இருந்துகொண்டு, தன்னைப் போல் இல்லாத எல்லாரையும் ஒழிக்கப் புறப்படுகிறது. எழுதியவர் டெரி நேஷன். போர்க்காலத்தில் வளர்ந்தவர், நாஜிகளை மனத்தில் வைத்தே எழுதினார். கூட்டை வடிவமைத்தவர் ரேமண்ட் குஸிக்.

குரலைச் செய்தவர் பி.பி.சி.யின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் இருந்த பிரையன் ஹாட்ஜ்சன். கணினி எல்லாம் கிடையாது. அவர் கையில் இருந்தது 'ரிங் மாடுலேட்டர்' என்ற சின்னக் கருவி. பிரெஞ்சில் 'மொதுலாத்தர் ஆன் அன்னோ' என்பார்கள். அன்னோ என்றால் மோதிரம். நான்கு டயோடுகளை, ஒன்றின் வாலை மற்றொன்று பிடித்தாற்போல, வட்டமாகக் கோத்திருப்பார்கள். இது பேய்க் குரலுக்காகப் பிறந்த கருவி அல்ல, தொலைபேசித் துறையின் கருவி. ஒரே கம்பியில் பல பேச்சுகளை ஒன்றோடொன்று கலக்காமல் அனுப்புவதற்காக உண்டானது. டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த காலம் ஞாபகம் வருகிறதா? ஊர் ஊராகப் பேச்சைக் கொண்டுபோன தொழில்நுட்பத்தைத்தான் டாலெக்கின் தொண்டைக்கு மாற்றிவிட்டார்கள்.

அது செய்வது ஒரு பெருக்கல் கணக்கு. மனிதக் குரலில் 100, 200, 300 ஹெர்ட்ஸ் என்று ஒழுங்கான மடங்குகளில் அதிர்வுகள் இருக்கும். அதனால்தான் காதுக்கு இனிமையாகப்படுகிறது. அதை 30 ஹெர்ட்ஸ் அலையோடு பெருக்கினால் 100 மறைந்து 70ம் 130ம் வரும். 200 மறைந்து 170ம் 230ம் வரும். மடங்கு ஒழுங்கு போய்விடும். எந்தச் சுருதியில் சேர்ப்பது என்று தெரியாமல் காது திகைக்கிறது, அதைத்தான் தகரக் குரல் என்கிறோம். சிறு வயதில் ஓடுகிற டேபிள் ஃபேனுக்கு முன்னால் வாயைத் திறந்து "ஆ" என்று கத்தியிருப்பீர்களே, அதற்குச் சொந்தக்காரக் குரல்தான் இது.

வீட்டில் செய்வது இன்று சுலபம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் 2000ம் ஆண்டிலிருந்து கிடைக்கிறது. அதில் உங்கள் குரலைப் பதிந்து, 30 ஹெர்ட்ஸ் அலையோடு பெருக்கு என்று ஒரே ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் போதும். கொடுத்தேன். போட்டுக் கேட்டால், ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்த ஓர் ஓய்வுபெற்ற கிளார்க் பேசுகிறார்! என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "தொண்டை கட்டிக்கிச்சா?" என்றாள்.

30ஐ 25 ஆக்கினேன், 40 ஆக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. குறை எண்ணில் இல்லை என்பது மூன்றாம் நாள்தான் புரிந்தது. முதல் டாலெக்குகளுக்குக் குரல் கொடுத்தவர்கள் பீட்டர் ஹாகின்ஸ், டேவிட் கிரகாம் என்ற இரண்டு நடிகர்கள். கூட்டுக்குள் இருந்து அதை நகர்த்தியவர்கள் வேறு. இவர்கள் மைக் முன்னால் இருந்து பேசினார்கள். ஹாகின்ஸ் குழந்தைகளுக்கான பொம்மை நிகழ்ச்சிகளில் குரல் கொடுத்துப் பேர் வாங்கியவர். ஒவ்வொரு அசையையும் வெட்டி வெட்டி, உயிரெழுத்தை இழுத்து, போகப்போகச் சுருதியை ஏற்றி, கடைசியில் வெறி பிடித்தாற்போல் முடிக்கும் வித்தை அந்த நடிகர்களுடையது. கருவி அதற்குத் தகரம் பூசியது, அவ்வளவே. நானும் "எக்ஸ்-டர்-மி-நேட்" என்று வெட்டிச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சரியாக வருகிறது என்று தெரிந்துகொண்டேன்.

இதோடு கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் அந்தப் பழைய டாலெக் கதைகளைத் தேடியபோது ஒரு சேதி தட்டுப்பட்டது. அறுபதுகளில் ஒளிபரப்பான பல நிகழ்ச்சிகளின் ஒளிநாடாக்களை பி.பி.சி.யே அழித்துவிட்டது. நாடா விலை அதிகம், திரும்பப் பயன்படுத்தலாம். மறு ஒளிபரப்புக்கு நடிகர் ஒப்பந்தங்கள் தடை. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளையை யார் கேட்பார்கள்? 1978 வாக்கில்தான் இந்த வேலை நின்றது. டாக்டர் ஹூவில் மட்டும் தொண்ணூறுக்கு மேற்பட்ட பகுதிகளுக்குப் படம் இல்லாமல் போயிற்று. 1966ல் வந்த ஆறு பகுதி டாலெக் கதை ஒன்றில் ஒரு பகுதிகூட முழுசாக மிஞ்சவில்லை.

எனக்கு யாரையும் குறை சொல்ல வாய் வரவில்லை. நானும் பதிவறையில் வேலை பார்த்தவன்தான். காலவரம்பு முடிந்த கோப்புகளைப் பட்டியல் போட்டு, அதிகாரியின் கையெழுத்து வாங்கி, எடைக்குப் போட்டிருக்கிறேன். இடம் இல்லை, கரையான், விதி அனுமதிக்கிறது, எல்லாம் முறைப்படிதான். பிற்பாடு ஒரு கிழவி தன் புருஷன் போட்ட பழைய மனுவைத் தேடிவந்தபோது, அந்த ஆண்டுக் கட்டே இல்லை என்று சொன்னதும் நான்தான். அந்தப் பட்டியல் என் கையெழுத்திலேயே இருந்தது.

ஆனால் குரல்கள் பிழைத்துக்கொண்டன. அந்தக் காலத்தில் வீட்டில் டேப் ரிக்கார்டர் வைத்திருந்த ரசிகர்கள், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் மைக்கை வைத்து வாராவாரம் பதிந்திருக்கிறார்கள். அம்மா கூப்பிடும் சத்தம் விழாமல் இருக்க வீட்டாரை வாய்மூடச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். படம் தொலைந்த ஒவ்வொரு பகுதிக்கும் ஒலி மட்டும் அவர்களால் கிடைத்திருக்கிறது. அந்த 1966 கதைக்கு, இந்த வீட்டுப் பதிவுகளை வைத்துத்தான் 2016ல் பி.பி.சி. சித்திரப் படம் செய்து வெளியிட்டது.

பேரனுக்குப் பதிவை அனுப்பிவிட்டேன். "சூப்பர் தாத்தா, பட் கொஞ்சம் பாண்டிச்சேரி டாலெக்" என்று பதில் வந்தது. பெருக்கல் போடாத என் வெறும் குரலையும் அழிக்காமல், தேதி எழுதி, இன்னொரு பென் டிரைவில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். நாய் குரைத்தது அதில் தெளிவாகக் கேட்கிறது.