ஆர்னால்ட் பால்மர்: கோல்ஃபுக்குக் கூட்டம் சேர்த்தவர்

கோல்ஃப் என்றதும் நம்மில் பலருக்கு டைகர் உட்ஸ் ஞாபகம்தான் வரும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 18 மேஜர் பட்டங்கள் வென்ற ஜாக் நிக்கலஸைச் சொல்வார்கள். ஆர்னால்ட் பால்மர் வென்றது 7 மேஜர்கள்தான். அப்புறம் ஏன் அவரைப் பற்றி எழுத வேண்டும்? காமர்ஸ் படிக்கிறவனுக்கு இவர்தான் சுவாரசியமான ஆள், அதனால்தான்!

1929-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லட்ரோப் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு அந்த ஊர் கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரிக்கும் வேலை. பிறகு அங்கேயே பயிற்சியாளரும் ஆனார். ஆனாலும் வேலைக்காரர் வீட்டுப் பையன் வேலைக்காரர் வீட்டுப் பையன்தானே? உறுப்பினர்கள் ஆடாத நேரம் பார்த்துத்தான் பால்மர் மைதானத்தில் இறங்க முடியும்.

1960 அமெரிக்க ஓபன் போட்டியைச் சொல்லாமல் இவரைப் பற்றிப் பேசவே முடியாது. டென்வர் அருகே செர்ரி ஹில்ஸ் மைதானம். கடைசிச் சுற்றுக்கு முன் முதலிடத்தில் இருந்தவரைவிட 7 ஸ்ட்ரோக் பின்தங்கியிருந்தார். நடுவில் 14 பேர் வேறு! வேறு யாராயிருந்தாலும் பத்திரமாக ஆடி, கிடைத்த இடத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். பால்மர் முதல் குழியிலேயே 346 கெஜத்தை ஒரே அடியில் தாண்டிப் பந்தைக் கிரீனில் போட்டார். அந்தச் சுற்றை 65-ல் முடித்து, கோப்பையையும் தூக்கினார். அப்போதுதான் தொலைக்காட்சி வீடு வீடாகப் பரவிக்கொண்டிருந்தது. பணக்காரர்களின் அமைதியான பொழுதுபோக்கைச் சண்டைப் படம் மாதிரி ஆடும் ஒருவரை ஜனங்கள் திரையில் பார்த்தார்கள். அவர் பின்னால் போன ரசிகர் கூட்டத்துக்கு 'ஆர்னியின் படை' என்றே பெயர் வந்தது.

அதே வருடம் பிரிட்டிஷ் ஓபனுக்கும் போனார். செலவும் பயணமும் அதிகம் என்று அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டிருந்த போட்டி அது. முதல் முறை ஒரே ஸ்ட்ரோக்கில் தோற்றார். 1961, 1962 இரண்டு வருடமும் ஜெயித்தார். பிறகு மற்ற அமெரிக்கர்களும் வரிசையாக வந்தார்கள்.

இனி நம்ம பாடம். க்ளீவ்லாந்து வக்கீல் மார்க் மெக்கார்மக் ஒரு கைகுலுக்கலோடு பால்மரின் வியாபார விஷயங்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஐஎம்ஜி என்ற பெரிய விளையாட்டு மேலாண்மை நிறுவனம் வளர்ந்தது அங்கிருந்துதான். மெக்கார்மக் கண்டுபிடித்த சூட்சுமம் ரொம்ப எளிது: வெற்றியை விற்றால் வெற்றி நிற்கும்போது வருமானமும் நிற்கும், ஆகவே மனிதரை விற்க வேண்டும். பால்மரின் கடைசி மேஜர் 1964-ல். பிஜிஏ டூரில் அவர் வாழ்நாள் முழுக்க வாங்கிய பரிசுப் பணம் 20 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. ஆனால் அவருடைய நாலு வண்ணக் குடைச் சின்னம் அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு சம்பாதித்துக் கொடுத்தது. கணக்குப் பாடத்தில் குட்வில் என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தோல்வியிலும் அந்த குட்வில் குறையவில்லை. 1966 அமெரிக்க ஓபனில் கடைசி ஒன்பது குழிகளில் 7 ஸ்ட்ரோக் முன்னிலையைக் கோட்டைவிட்டு, மறுநாள் பிளேஆஃபில் பில்லி காஸ்பரிடம் தோற்றார். படை கலையவில்லை. இன்று வீரர்கள் வாங்கும் விளம்பர ஒப்பந்தங்களுக்கெல்லாம் பாதை போட்டவர் 2016-ல் காலமானார்.

ஒன்று விட்டுப்போச்சு. ஆளில்லாத நேரம் பார்த்து ஆடிய அந்த லட்ரோப் கிளப்பை 1971-ல் அவரே விலைக்கு வாங்கிவிட்டார்.