நகைப் பட்டறைக் கழிவில் தங்கம்: மீட்கும் முறையும் மறைந்திருக்கும் ஆபத்தும்

சித்தூர்/திருப்பதி: நகைப் பட்டறைகளின் தரைத்தூசி, அரத்தூள், மெருகுக் கழிவு, கை கழுவிய நீர் ஆகியவற்றில் கலந்துவிடும் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்துவது, நகைத் தொழிலின் பிரிக்க முடியாத ஓர் அங்கமாகும். சித்தூர், திருப்பதி போன்ற நகரங்களின் கடைவீதிகளை ஒட்டிய சிறு பட்டறைகளுக்கும் இது பொருந்தும். தங்கத்தின் விலை உயரும்போது இக்கழிவின் மதிப்பும் உயர்கிறது. ஆனால், அதனைப் பிரிக்கும் பணி எங்கு, எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பொறுத்தே அதில் ஈடுபடுவோரின் உயிர்ப் பாதுகாப்பு அமைகிறது.

சுரங்க மண்ணும் பட்டறைத் தூசியும்

சித்தூர் மாவட்டத்தின் மேற்கு எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தில் கோலார் தங்க வயல் அமைந்துள்ளது. அச்சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அங்கு மலைபோல் குவிந்துள்ள கழிவு மண்ணில், ஒரு டன்னுக்கு சுமார் 1 கிராம் தங்கம் கிடைக்கும் என மதிப்பிடப்படுகிறது. அந்த மண்ணிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்திற்கு கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது.

இதனுடன் ஒப்பிட்டால் பட்டறைத் தூசி மிகச் செறிவானது. எடுத்துக்காட்டாக, 22 காரட் நகை 1 கிலோ செய்யும்போது ஒரு சதவீதம் மட்டுமே தூளாக உதிர்ந்தாலும், அதில் 9 கிராமுக்கு மேல் தூய தங்கம் இருக்கும். 22 காரட் என்பது 91.6 சதவீதத் தூய்மையைக் குறிக்கும். வாடிக்கையாளரிடம் 'சேதாரம்' என்ற பெயரில் வசூலிக்கப்படும் தங்கத்தின் ஒரு பகுதி, உண்மையில் இவ்வாறு மீட்கக்கூடியதே.

மீட்கும் படிநிலைகள்

அரம், வாள் ஆகியவற்றிலிருந்து உதிரும் தூளில் தங்கம் மிகுதி. காந்தத்தால் இரும்புத் துகள்களை நீக்கி, வெங்காரம் சேர்த்து மூசையில் உருக்கினால் அது கட்டியாகிவிடும்.

தரைத்தூசி, மெருகுத்துணி, பழைய பாய் ஆகியவை முதலில் எரித்துச் சாம்பலாக்கப்பட்டு, அரைத்துச் சலிக்கப்படுகின்றன. பின்னர் அச்சாம்பல் நீரில் அரிக்கப்படுகிறது. தங்கம் நீரைவிட 19 மடங்குக்கு மேல் எடை கொண்டது. மணல் சுமார் இரண்டரை மடங்கே. எனவே தங்கம் அடியில் தங்கிவிடுகிறது. வட மாநிலங்களில் இப்பணியைச் செய்வோர் 'நியாரியா' என அழைக்கப்படுகின்றனர். கோயம்புத்தூரின் நகைப் பட்டறைத் தெருக்களில், சாக்கடை மண்ணைக்கூட அள்ளி அரித்துப் பிழைப்போர் உள்ளனர்.

தூய்மைப்படுத்தும் முறைகள்

இவ்வாறு கிடைக்கும் கட்டியில் செம்பு, வெள்ளி முதலியன கலந்திருக்கும். தங்கத்தின் விகிதம் அதிகமாக இருந்தால் நைட்ரிக் அமிலம் உட்புகுந்து பிற உலோகங்களைக் கரைக்க இயலாது. ஆகவே கூடுதல் வெள்ளி சேர்த்து உருக்கி, தங்கத்தின் பங்கு நான்கில் ஒன்றாகக் குறைக்கப்படுகிறது. அதன்பின் அமிலத்தில் காய்ச்சினால் வெள்ளியும் செம்பும் கரைந்து, தங்கம் பழுப்பு நிறத் தூளாக எஞ்சும். கரைசலில் செம்புத் தகட்டை இட்டால் வெள்ளி மீண்டும் படிந்துவிடும்.

மற்றொரு முறையில், மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் கலந்த 'இராஜ திராவகம்' பயன்படுகிறது. இது தங்கத்தையே கரைத்துவிடும். வெள்ளி, குளோரைடாக அடியில் படியும். வடிகட்டிய கரைசலில் சோடியம் மெட்டாபைசல்பைட் போன்ற வேதிப்பொருளைச் சேர்த்துத் தங்கம் வீழ்படிவாக்கப்படுகிறது.

பெரிய ஆலைகளில், உருகிய தங்கத்தினுள் குளோரின் வாயுவைச் செலுத்தும் மில்லர் முறையும், 99.99 சதவீதத் தூய்மை தரும் வோல்வில் மின்பகுப்பு முறையும் கையாளப்படுகின்றன. இவை இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் உருவானவை.

ஆபத்து எங்கே?

அமிலத்தில் உலோகம் கரையும்போது செம்பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு வெளியேறுகிறது. இதனைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்தே நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் ஏற்படலாம் என்பதால், தொடக்கத்தில் ஆபத்து தெரிவதில்லை. தங்கத்தைத் திரட்டப் பாதரசம் பயன்படுத்தப்பட்டால், சூடாக்கும்போது எழும் அதன் ஆவி நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். மெருகிடவும் முலாம் பூசவும் பயன்படும் சயனைடு, அமிலத்துடன் கலந்தால் உயிர்கொல்லி வாயுவாக மாறும்.

2025 மே மாத இறுதியில், ராஜஸ்தான் மாநிலம் ஜெய்ப்பூரின் சீதாபுரா பகுதியில் நகை உற்பத்திக்கூடம் ஒன்றின் கழிவுத் தொட்டியில் படிந்திருந்த தங்க, வெள்ளித் துகள்களை எடுக்க இறங்கிய தொழிலாளர்களில் நால்வர் நச்சுவாயு தாக்கி உயிரிழந்தனர். பாதுகாப்புச் சாதனமின்றி ஆட்களைக் கழிவுநீர்த் தொட்டிகளில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. கழிவுநீர்க் கால்வாய் மரணங்களுக்கான இழப்பீட்டை ரூ.30 லட்சமாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

பட்டறைகள் செய்யக்கூடியவை

அரத்தூள், தரைத்தூசி, மெருகுக் கழிவு ஆகியவற்றைத் தனித்தனியே சேமித்தால் மீட்பும் எளிது. எடைக் கணக்கும் தெளிவாகும். கை கழுவும் நீரை, ஆள் இறங்கத் தேவையில்லாத சிறு படிவுத் தொட்டிகள் வழியே விடலாம். அமில வேலையைக் குடியிருப்புப் பகுதியில் உள்ள பட்டறையில் செய்யாமல், வாயு உறிஞ்சும் அமைப்பும் கழிவுநீரை நடுநிலையாக்கும் வசதியும் கொண்ட சுத்திகரிப்பு நிலையங்களிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பானது. அத்தகைய நிலையங்கள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். ஒப்படைக்கும் முன் கட்டியின் மாதிரியைத் தர ஆய்வகத்தில் சோதித்துக்கொண்டால், சிறு தொழிலாளி தன் தங்கத்திற்குரிய முழு மதிப்பையும் கேட்டுப் பெறலாம்.

உலகத் தங்கக் குழுமத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2021இல் 75 டன் தங்கத்தை மறுசுழற்சி செய்து இந்தியா உலகில் நான்காம் இடம் பெற்றது. 2013இல் ஐந்துக்கும் குறைவாக இருந்த முறைப்படுத்தப்பட்ட சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணிக்கை, 2021இல் 33ஆக உயர்ந்தது குறிப்பிடத்தக்கது.