கடன் வாங்கிய வேகம்

திருப்பூரில் யந்திர வைத்தியர்களுக்குப் பஞ்சமே கிடையாது. நிட்டிங் மெஷின் லேசாக முனகினால் போதும். ஃபிட்டர் வந்து காதைக் கொடுத்துக் கேட்பார். ஊசி முறிந்ததா, பெல்ட் தளர்ந்ததா, நூல் சிக்கியதா என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். கோளாறு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது. ஆனால், அதே கம்பெனியின் முன்னறையில் ஆர்டர்களையும் பேக்கிங் லிஸ்டுகளையும் சுமந்துகொண்டு ஒரு லாப்டாப் உட்கார்ந்திருக்கிறதே, அது மந்தமானால் யாரைக் கூப்பிடுவது? "நேத்து ராத்திரி அப்டேட் கேட்டுதுங்க, சரின்னு குடுத்தேன். காலையிலிருந்து இப்படித்தான்" என்று கையை விரிப்பார்கள். கூடவே ஒரு சந்தேகமும் வரும். புதிது வாங்க வைப்பதற்காகக் கம்பெனிக்காரன் செய்கிற சூழ்ச்சி இது என்று!

சந்தேகம் முழுக்க ஆதாரமற்றது என்று சொல்வதற்கில்லை. பாட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தைத் தன் மென்பொருளே குறைத்து வந்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்று சமாதானம் சொன்னது. வாங்கினவர்களிடம் அதைச் சொல்லாமல் இருந்ததற்காக, 2020-ல் பிரான்ஸ் தேசத்தில் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் கட்ட நேர்ந்தது. லாப்டாப்பின் கதை வேறு. அதில் சூழ்ச்சியைவிடக் கடன்தான் அதிகம். வெகு நாளைக்கு முன் வாங்கிய கடன். வாங்கியவர் ஒருவர், கட்டியவர் வேறொருவர்.

ஃபர்ம்வேர் என்றால் என்னவென்று மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். திருப்பூர்க்காரர்களுக்கு அது சுலபம். நிட்டிங் மெஷினுக்குள் ஊசிகளை ஏற்றி இறக்குகிற கேம் இருக்கிறதல்லவா? யந்திரமும் அதேதான், நூலும் அதேதான். கேம்களின் வரிசையை மாற்றினால் துணியின் நெசவே மாறிவிடுகிறது. முழுக்க யந்திரமும் இல்லை, வெளியிலிருந்து ஊட்டுகிற நூலும் இல்லை. நடுவே இருந்துகொண்டு, எந்த ஊசி எப்போது எழ வேண்டும் என்று கட்டளையிடுகிறது. கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி ஒரு கட்டளை அடுக்கு வேண்டும் என்று 1951-ல் மான்செஸ்டர் மாநாட்டில் சொன்னவர், கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ். கணக்குப் போடும் உறுப்பின் ஒவ்வோர் அசைவையும் கம்பிகளால் பிணைத்து வைக்காமல், சின்னச் சின்னக் கட்டளைகளாக எழுதிவைக்கலாம் என்பது அவருடைய யோசனை. மைக்ரோகோடு என்று அதற்குப் பெயர். 1967-ல் ஆஷர் ஆப்லர் என்ற அமெரிக்கர் அந்த நடுவாந்தர அடுக்குக்கு ஃபர்ம்வேர் என்று நாமகரணம் செய்தார்.

அதைத் திருத்தும் வசதி, வீடுகளிலும் ஆபீசுகளிலும் இருந்த கம்ப்யூட்டர்களுக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு கணக்கு வாத்தியார் காரணம் என்று நினைக்கிறேன். வர்ஜீனியா மாகாணத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி, இன்டெல் கம்பெனியின் பென்டியம் சில்லு சில வகுத்தல்களில் தப்பு விடை தருவதை 1994-ல் கண்டுபிடித்தார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.3338 வர வேண்டும்; அந்தச் சில்லு 1.3337 என்றது. பத்தாயிரத்தில் ஒரு பங்குதானே என்று நாம் விட்டுவிடுவோம். கணக்கு வாத்தியார்கள் விடுவார்களா? கடைசியில், கேட்டவர்களுக்கெல்லாம் சில்லை மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது. அந்த வகையில் ஒதுக்கி வைத்த தொகை 47 கோடியே 50 லட்சம் டாலர்!

சூடுபட்ட பூனை அடுத்த வருஷமே வழி கண்டது. 1995 நவம்பரில் வந்த பென்டியம் ப்ரோ சில்லில், மைக்ரோகோடை வெளியிலிருந்து திருத்துவதற்கு ஒரு கதவு இருந்தது. திருத்தம் சில்லுக்குள் நிரந்தரமாகப் பதிவதில்லை என்பதுதான் வேடிக்கை. மின்சாரம் நின்றால் மறந்துபோகும். ஒவ்வொரு முறை உயிர்ப்பிக்கும்போதும், பயாஸ் என்ற ஆரம்பப் பாடமோ விண்டோஸோ அதைத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். அப்டேட் என்ற பெயரில் ராத்திரி வருகிற விருந்தாளி சில சமயம் இந்தப் பாடத்தையும் மாற்றுகிறார்.

அதே பென்டியம் ப்ரோவில்தான் நம்முடைய கடனும் ஆரம்பமாயிற்று. மருந்தும் வியாதியும் ஒரே டப்பாவில் வந்தன!

அந்த வியாதியைச் சொல்ல, மறுபடியும் பனியன் கம்பெனிக்குள் போக வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுப் பையரிடமிருந்து நிறத்துக்கு ஓகே வரவில்லை. கட்டிங் மாஸ்டர் சும்மா உட்கார்ந்திருந்தால் நாள் போய்விடும். "போன தடவை நீலம்தானே கேட்டான், இந்தத் தடவையும் அதுதான்" என்று ஊகித்துத் துணியை வெட்ட ஆரம்பித்துவிடுகிறார். ஊகம் பலித்தால் ஒரு நாள் லாபம். பலிக்காவிட்டால், வெட்டினதை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சிவப்பை விரிக்க வேண்டியதுதான். சில்லும் இதையேதான் செய்தது. அனுமதி வருமுன்பே அடுத்த கணக்கைப் போட்டு வைத்தது. ஊகம் தவறினால் விடையைத் தூக்கி எறிந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக நாம் வியந்த வேகத்தில் பெரும்பங்கு இப்படி ஊகித்துச் சம்பாதித்ததுதான்.

தூக்கி எறிந்தது எங்கே போகிறது? திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் என்பது தனி வியாபாரம். போட்டிக் கம்பெனிக்காரன் ஒருவன் வேஸ்ட் மூட்டையைக் கிளறினால் போதும், என்ன துணி, என்ன நிறம் என்று தெரிந்துவிடும். கம்பெனி வாசலில் எத்தனை கூர்க்காக்கள் நின்று என்ன பிரயோஜனம்? சில்லிலும் அப்படியே ஆயிற்று. எறிந்த விடைகளின் சுவடு, கேஷ் என்கிற பக்கத்துப் பரணில் தங்கியிருந்தது. பார்க்க உரிமையில்லாத ரகசியத்தை ஊகத்தில் தொடவைத்து, பரணில் கிடக்கும் சுவட்டிலிருந்து அதைப் படித்துவிட முடிந்தது. கூகிள் கம்பெனியைச் சேர்ந்த யான் ஹார்ன் என்ற இளைஞர் 2017 ஜூனில் இதை இன்டெலுக்குத் தெரிவித்தார். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டேனியல் க்ரூஸும் அவருடைய சகாக்களும் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். க்ரூஸ் தம்முடைய கம்ப்யூட்டரிலேயே பரீட்சித்துப் பார்த்தார். அவர் பார்த்த வலைத்தள முகவரிகளையே அவருடைய நிரல் வெளியே கொட்டியதைக் கண்டு திகைத்துப் போனார்.

2018 ஜனவரி 3-ஆம் தேதி விஷயம் வெளியாயிற்று. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று இரண்டு பெயர்கள். ஊகத்துக்குக் கடிவாளம் போட அவசரம் அவசரமாகத் திருத்தங்கள் வந்தன. கடிவாளம் போட்டால் குதிரை மெதுவாகத்தானே ஓடும்? விண்டோஸ் பிரிவின் தலைவர் டெரி மையர்சன் ஜனவரி 9-ஆம் தேதி பகிரங்கமாகவே சொன்னார்: 2016-லும் அதற்குப் பின்னும் வந்த கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 10 இருந்தால் வித்தியாசம் பலருக்குத் தெரியாது, 2015-ஆம் வருஷத்துக் கம்ப்யூட்டர்களில் சிலருக்குத் தெரியும், பழைய சில்லில் பழைய விண்டோஸும் இருந்தால் பெரும்பாலோருக்குத் தெரியும். ஏழையின் தலையில்தான் விடியும் என்பதை இவ்வளவு நாசூக்காக யாரும் சொன்னதில்லை! அந்த நாட்களில் நான் போய்வந்த கணக்குப்பிள்ளைகளின் மேஜைகளில் விண்டோஸ் 7-ஐத்தான் அதிகம் பார்த்தேன்.

திருத்தமும் திருத்தமாக வரவில்லை. புது மைக்ரோகோடு ஏற்றிய கம்ப்யூட்டர்கள் தாமாகவே அணைந்து அணைந்து எழுந்தன. அதை இனி யாருக்கும் ஏற்ற வேண்டாம் என்று ஜனவரி 22-ஆம் தேதி இன்டெலே கேட்டுக்கொண்டது. லாப்டாப் கம்பெனிகள் கொடுத்த பயாஸைத் திரும்பப் பெற்றன. சுகமான மாற்று வழி வர ஒரு வருஷம் பிடித்தது. கூகிள் எஞ்சினீயர்கள் யோசித்த ரெட்போலின் என்ற தந்திரத்தை விண்டோஸ் 10, 2019 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. போன வேகத்தில் ஒரு பகுதி மீண்டது.

இந்தச் சரித்திரம் தெரிந்திருப்பதில் ஒரு லௌகிகப் பிரயோஜனமும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஏற்றுமதிக் கம்பெனியில் டாக்குமெண்ட் பார்ப்பவன், அண்மையில் ஒரு நாள் மாலை அலறிக்கொண்டு வந்தான். "ஏனுங்கண்ணா, பயாஸ் அப்டேட்டுக்கு அப்புறம் எக்ஸெல் திறக்கவே ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்னு ஆயிப்போச்சுங்க. நாளைக்குக் கன்டெய்னர் தூத்துக்குடி போகோணும். முதலாளி புதுசு வாங்கிக்கன்னுட்டாரு, பாதிப் பணம் என் சம்பளத்துல பிடிப்பாராம்."

"பாதுகாப்புத் திருத்தத்தின் கூலி ரூபாய்க்குச் சில பைசாதான் தம்பி. ஒரு ரூபாயே போய்விட்டதென்றால் திருடன் வேறே" என்றேன்.

அப்டேட்டுக்குப் பிறகு முதல் ஒரு மணி நேரம் விண்டோஸ் தன் வீட்டு வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதற்கு அவகாசம் கொடுத்தாயிற்று. காற்றாடியில் அப்பியிருந்த பனியன் பஞ்சைப் பிரஷ்ஷால் தட்டினோம். பயனில்லை. டாஸ்க் மானேஜரில் சில்லின் வேகத்தைப் பார்த்தோம். 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இருக்க வேண்டியது 0.40-ல் சங்கிலி போட்டதுபோல நின்றது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாட்டரியில் மட்டும் ஓட்டினோம். வேகம் ஜிவ்வென்று ஏறிற்று! குற்றவாளி சார்ஜர்தான். ஒரிஜினல் பழுதாகி, மலிவாக வாங்கிய மாற்றுச் சரக்கு. பழைய பயாஸ் அதைப் பொறுத்துக்கொண்டது. புதியது, இன்னாரென்று தெரியாதவனிடமிருந்து முழு மின்சாரம் வாங்க மறுத்து, சில்லைக் கட்டிப்போட்டுவிட்டது. பக்கத்து ஆபீசில் அதே கம்பெனி சார்ஜரை இரவல் வாங்கி மாட்டினோம். ராத்திரி பத்து மணிக்குள் இன்வாய்ஸ் முடிந்தது.

பழைய சில்லுகளின் கணக்கு அப்படித் தீரவில்லை. 2007-லிருந்து 2011 வரை வந்த பல ரகங்களுக்கு ஸ்பெக்டருக்கான மைக்ரோகோடு தரப்போவதில்லை என்று 2018 ஏப்ரலில் இன்டெல் ஒரு பட்டியல் வெளியிட்டது. பென்ரின், யார்க்ஃபீல்ட், உல்ஃப்டேல் என்று அதில் பெயர்கள் இருக்கின்றன. செகண்ட்ஹாண்டாக வாங்கி, ஜாப் ஒர்க் ஷெட்டுகளில் பீஸ் கணக்கும் வாரச் சம்பளமும் எழுதிக்கொண்டிருந்த மெஷின்களில் இந்த ரகங்களை நானே பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு அந்த அப்டேட் வரவே இல்லை.