பரணி பிக்சர்ஸின் எஜமானி

1931ஆம் ஆண்டில் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமியைப் போல, ஆதியில் திரையில் ஸ்திரீ வேடம் ஏற்றவர்களில் பெரும்பாலோர் நாடக மேடையில் பழகியவர்களே. கௌரவத்தை உயிரினும் பெரிதாகக் கருதிய மத்தியதரக் குடும்பங்களோ தங்கள் பெண்களை ஸ்டூடியோ வாசலை மிதிக்கவும் விடமாட்டா. அபூர்வமாக அத்தகைய வீட்டுப் பெண் ஒருத்தி நடிக்க வந்துவிட்டால், தகப்பனாரோ, தமையனோ, பிற்பாடு கணவரோ காவலாகக் கூடவே வந்தார்கள். சம்பளம் பேசுவதும், எந்தக் காட்சியில் நடிக்கலாம், எதில் கூடாது என்று தீர்மானிப்பதும் அவர்களுடைய அதிகாரமாகவே இருந்தது. இந்த வழக்கத்துக்குள்ளேயே வளர்ந்து, அதன் கட்டுப்பாடுகளையெல்லாம் அனுபவித்து, முடிவில் அந்த அதிகாரத்தைத் தம் கைக்கே மாற்றிக்கொண்டவர் பி. பானுமதி. அவர் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்துத் தெலுங்கில் எழுதிய 'நாலோ நேனு' என்னும் சுயசரிதை, சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருதைப் பெற்றது.

ஆந்திர தேசத்தில் ஓங்கோலுக்கு அருகே தொட்டவரம் என்னும் கிராமத்தில் 1925ஆம் ஆண்டு பிறந்த அவருக்குச் சங்கீதத்தில் முதல் ஆசான் தகப்பனார் வெங்கடசுப்பையாதான். மகளைப் பாடகியாக்க வேண்டும் என்பது அந்த ரசிகரின் மனோரதம். நடிகையாக்க வேண்டும் என்பதன்று. ஆயினும் வரதட்சிணைக் கொடுமையைச் சாடிய 'வரவிக்ரயம்' நாடகத்தை 1939இல் சி. புல்லையா படமாக்கியபோது, பதின்மூன்று வயதுச் சிறுமியான பானுமதி அதில் காளிந்தி என்னும் வேடத்தை ஏற்றார். ஆண் நடிகர் எவரும் தம் மகளைத் தொட்டு நடிக்கலாகாது என்று தகப்பனார் நிபந்தனை விதித்தார். இக்காலத்தவருக்கு அது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அந்த நிபந்தனையை ஏற்றிராவிட்டால் அந்தப் பெண் திரைக்கே வந்திருக்கமாட்டாள் என்பதையும், தெலுங்கும் தமிழும் ஒரு மகா கலைஞரை இழந்திருக்கும் என்பதையும் நாம் மறக்கலாகாது.

'கிருஷ்ண பிரேமா' தயாரிப்பில் இருந்தபோது, அப்படத்தின் உதவி இயக்குநர் பி. எஸ். ராமகிருஷ்ண ராவ் மீது அவருக்குப் பிரியம் உண்டாயிற்று. தகப்பனாரின் ஆட்சேபத்தையும் கடந்து 1943 ஆகஸ்டு 8ஆம் நாள் விவாகம் நடந்தேறியது. இனி நடிப்பதில்லை, கணவர் கொண்டுவரும் சம்பாத்தியத்தில் குடித்தனம் நடத்துவதே போதும் என்று அவர் ஒதுங்கியும் இருந்தார். அப்படி இருந்தவரைத்தான் பி. என். ரெட்டி தேடி வந்து, 'ஸ்வர்கசீமா' (1945) படத்தில், நாகையா ஏற்ற நாயகனின் குடும்பத்தைக் குலைக்கும் நாடகக்காரியின் வேடத்தைக் கொடுத்தார். புதுக்குடித்தனம் வைத்த இல்லத்தரசி, பிறர் குடித்தனத்தைக் கெடுக்கும் மோகினியாக நடித்தே பிரக்யாதி பெற்றார் என்பது தென்னிந்தியத் திரையின் விநோதங்களுள் ஒன்று. குடும்ப வாழ்வு வேறு, அபிநயம் வேறு என்று ரசிகர்கள் பிரித்தறியப் பழகியதில் அந்தப் படத்துக்கும் பங்குண்டு என்பது என் துணிபு.

தம்பதிகள் மகன் பரணியின் பெயரிலேயே படக் கம்பெனி தொடங்கி, 'ரத்னமாலா'வையும் 'லைலா மஜ்னு'வையும் எடுத்தார்கள். கணவர் இயக்குவார், மனைவி நடிப்பார், பாடுவார், கணக்கு வழக்கும் பார்ப்பார். பிறகு சாலிகிராமத்தில் ஸ்டூடியோவும் எழுந்தது. 1953இல் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் 'சண்டிராணி'யைப் பானுமதி தாமே இயக்கி, அதில் இரட்டை வேடமும் பூண்டார். 1936இல் தம்முடைய நாவலையே 'மிஸ் கமலா'வாக இயக்கிய ராஜலட்சுமிக்குப் பின் தென்னகத்தில் பெண்கள் மிக அரிதாகவே அமர்ந்த நாற்காலி அது. நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்ற பின்னணி முறை நிலைபெற்றுவிட்ட அந்நாளிலும், பிறர் குரலுக்கு வாயசைக்க இசையாமல் தம் பாட்டைத் தாமே பாடிவந்தார். 'அன்னை'யில் (1962) சகோதரியின் குழந்தையைத் தன் குழந்தையாக வளர்க்கும் தாயாக அவர் நடித்ததையும், அந்தத் தாயின் உள்ளத்தை அதே குரலில் பாடியதையும் கண்டவர்கள், அந்தப் பிடிவாதத்தில் இருந்த நியாயத்தை உணர்ந்திருப்பார்கள்.

அவருக்குக் கர்வி என்ற பெயர் உண்டு. 'மிஸ்ஸியம்மா'வின் நாயகியாக முதலில் நடிக்கத் தொடங்கியவர் அவரே. வரலட்சுமி விரத பூஜையை வீட்டில் முடித்துவிட்டு அவர் தாமதமாக ஸ்டூடியோவுக்கு வந்தார் என்றும், தயாரிப்பாளர் சக்ரபாணி மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது மறுத்து வெளியேறினார் என்றும் சொல்வார்கள். அந்த வேடம் சாவித்திரிக்குப் போய் அவரை நட்சத்திரமாக்கிற்று. தாம் விலகியதால் நல்ல நடிகை ஒருத்தி கிடைத்தாள் என்று பானுமதி பிற்காலத்தில் சந்தோஷமாகவே சொன்னார். வீட்டுப் பூஜைக்காக வேலையைத் தாமதப்படுத்தியது முறையா என்று கேட்கலாம். ஆனால் நாயகர்களின் தாமதத்தைச் சிரித்துச் சகித்துக்கொண்ட ஒரு தொழிலில், ஒரு பெண்ணின் தாமதம் மாத்திரம் ஏன் குற்றமாயிற்று என்றும் கூடவே கேட்க வேண்டும் அல்லவா? 'நாடோடி மன்ன'னிலும் எம். ஜி. ஆருடன் கருத்து வேற்றுமை உண்டாகி, பானுமதியின் பாத்திரம் பாதியிலேயே முடிந்துபோனது.

'நடிப்புக்கு இலக்கணம்' என்று அறிஞர் அண்ணா பட்டம் சூட்டிய அந்தக் கலைஞர், வீட்டை எழுத்திலும் விட்டுவிடவில்லை. மாமியாரை நாயகியாக்கி அவர் எழுதிய 'அத்தகாரி கதலு' என்னும் நகைச்சுவைக் கதைகளில் ஆசாரமும், அடுக்களையும், மருமகளின் அன்பு கலந்த கேலியும் அப்படியே உயிருடன் நடமாடுகின்றன. தெலுங்கு வாசகர்கள் பலர் அவரை முதலில் எழுத்தாளராகவே கொண்டாடினார்கள்.

எம். ஜி. ஆர். முதலமைச்சரானபின், பழைய மனத்தாங்கலைப் பாராட்டாமல், சென்னை அரசு இசைக் கல்லூரியின் முதல்வராக அவரை நியமித்தார். தம் பாட்டுக்கு வேறொருவர் குரலை ஏற்காதவர், மாணவர்களுக்குக் குரல் பயிற்றும் இடத்துக்குத் தலைவரானார். அதன் பின்னும், 1992இல் வெளியான 'செம்பருத்தி'யில் பிரசாந்துக்குப் பாட்டியாக, வீட்டையே ஆளும் பெரிய மனுஷியாக நடித்தார். ஒரு நாற்காலியில் சாய்ந்தபடி அவர் அதட்டினால், திரையில் உள்ள ஆண்கள் அனைவரும் எழுந்து நின்றார்கள்.