கச்சா என்று நான் எழுதிய வீடுகள்

சென்ற மாதம் பேரன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். இங்கிலாந்தில் டெவன் பகுதியில் ஒரு கிராமம். வெள்ளையடித்த தடித்த சுவர்கள், புல் வேய்ந்த கூரை, வாசலில் ரோஜாச் செடி. "தாத்தா, இதெல்லாம் வெறும் மண்ணு சுவராம். ஆனா விலை கோடிக் கணக்குல இருக்குமாம்" என்றான். 'வெறும் மண்ணு' என்ற சொல் என்னை நாற்பது வருஷம் பின்னால், ஜவ்வாது மலைக்குக் கொண்டுபோய்விட்டது.

படித்தது புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில். பிழைத்தது தமிழ்நாடு அரசு எழுத்தராக. அந்தக் கதையை முன்பே எழுதியிருக்கிறேன். எண்பதுகளில் ஜமுனாமரத்தூர் பக்கம் சில வருஷம் வேலை பார்த்தேன். அப்போது அது வட ஆற்காடு மாவட்டம். 1989இல் மாவட்டம் பிரிந்த பிறகுதான் திருவண்ணாமலைக் கணக்கில் வந்தது. போளூரிலிருந்து பஸ் ஏறினால் கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு கலங்கும். மேலே போனதும் குளிர்ந்த காற்றும் சாமை வயலும் எல்லாவற்றையும் மறக்கச் செய்துவிடும்.

அந்த மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த காரைக்காட்டு வேளாளர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலிலும் இந்தக் கதை இருக்கிறது.

அவர்கள் வீடு கட்டுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கொத்தனார் கிடையாது, வரைபடம் கிடையாது. முதலில் கருங்கல்லை அடுக்கி ஒரு முழ உயரத்துக்கு மேடை. பிறகு மண்ணை வெட்டிக் குவித்து, தண்ணீர் விட்டு, நறுக்கிய வைக்கோலைத் தூவி, ஆணும் பெண்ணுமாகக் காலால் மிதிப்பார்கள். ஓரிரு நாள் புளிக்க விட்டு மறுபடி மிதிப்பார்கள். அந்தச் சேற்றை உருண்டை உருண்டையாக எடுத்து மேடைமேல் வைத்து, கையால் அறைந்து, ஒரு முழ உயரத்துக்கு ஒரு வரிசை எழுப்புவார்கள். அது காய்ந்த பிறகுதான் அடுத்த வரிசை. அவசரப்பட்டு ஏற்றினால் கீழ் வரிசை பிதுங்கி, சுவர் சாய்ந்துவிடும். மூங்கில் பிளாச்சுத் தட்டியைக் கட்டி இரண்டு பக்கமும் மண் பூசும் சுவரும் உண்டு. மேலே மலைப்புல் கூரை. உள்ளே பரணில் சாமை மூட்டை, மூலையில் அடுப்பு. அடுப்புப் புகை கூரைப் புல்லில் பூச்சி அண்டாமல் காக்கும்.

இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். வைக்கோல் அதைப் பிடித்து நிறுத்தும். ஒன்றரை அடி தடிப்புள்ள மண் சுவரைப் பகல் வெயில் கடந்து உள்ளே வர வெகுநேரம் ஆகும். வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கூரை நாம் குனிந்து நுழையும் அளவுக்குத் தாழ்ந்திருப்பது மழைச்சாரல் சுவரில் படாமலிருக்க. கல் மேடை, தரையில் விழுந்து தெறிக்கும் தண்ணீர் சுவரின் அடியை அரிக்காமலிருக்க. டெவன்காரர்கள் மண் சுவரைப் பற்றி ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். தலைக்கு நல்ல தொப்பியும் காலுக்கு நல்ல செருப்பும் கொடுத்தால் போதும், அது பல தலைமுறை நிற்குமாம். தொப்பி கூரை, செருப்பு கல் மேடை. கடலைத் தாண்டி, ஒருவரை ஒருவர் பார்த்தறியாத இரண்டு கூட்டம் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறது. சர் வால்டர் ராலே பிறந்த வீடுகூட டெவனில் இப்படி மண்ணால் கட்டிய வீடுதான்.

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு மிசியே, நார்மண்டி கிராமப் படத்தைக் காட்டி 'டோர்ஷி' என்று ஒரு சொல் சொல்லிக்கொடுத்தார். மரச் சட்டத்துக்கு நடுவே மண்ணும் வைக்கோலும் அப்பிய சுவர். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். ஜவ்வாது மலையில் மூங்கில் தட்டியில் மண் பூசியதைப் பார்த்தபோதுதான் அந்தச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது. லியோன் நகரத்துக் குவான்த்ரோ 1790இலேயே மண் கட்டடக் கலைக்குப் புத்தகம் எழுதியவர். அவர் சொன்னது பலகைக்கு நடுவே மண்ணை இடிக்கும் முறை. நம்முடையது பலகையே வேண்டாத கைவேலை.

இனி என் பங்குக்கு வருகிறேன். அரசுக் கணக்கில் வீடுகள் பக்கா, கச்சா என்று பிரியும். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே சுவர் எதனால், கூரை எதனால் என்று குறித்தார்கள். அது விவரம். ஆனால் நலத்திட்டப் படிவத்தில் 'கச்சா' என்பது விவரமாக இல்லை, தீர்ப்பாக இருந்தது. எண்பதுகளின் நடுவில் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் வந்தது. ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை. நல்ல திட்டம், அதில் சந்தேகமில்லை. அதற்காக ஊர் ஊராகப் போய் நான் பட்டியல் எழுதினேன். இரண்டு தலைமுறை நின்ற வீட்டுக்கும் கச்சா, போன மழையில் சரிந்த குடிசைக்கும் கச்சா. ஒரே பேனா, ஒரே சொல்.

ஒரு வீட்டில் ஒரு பாட்டி. சுவரைத் தொட்டுப் பார்த்து, "இவ்வளவு நல்ல வீட்டை ஏன் பாட்டி மாத்தணும்?" என்று கேட்டுவிட்டேன். "சார், மாசாமாசம் சாணி மெழுகணும். புல்லு மாத்தணும். மழையில ஒழுகினா ராத்திரியெல்லாம் சட்டி வெச்சு உக்காரணும். கரையான் வேற. நீங்க வந்து செய்யறீங்களா?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. மண் வீட்டைப் புகழ்கிறவன் அதை மெழுகுகிறவனாக இருப்பதில்லை. அந்த உழைப்பு முழுக்கப் பெண்கள் தலையில்தான். கூரையில் ஒரு பொறி விழுந்தால் வருஷத்துச் சாமையும் போய்விடும். கான்கிரீட் கேட்டதில் அவள் பக்கம் நியாயம் இருந்தது.

சில வருஷம் கழித்து ஒரு சித்திரை மாதம் அந்த ஊர்ப் பக்கம் போனேன். அரசு வீடு நின்றது. உள்ளே சாமை மூட்டையும் தகரப் பெட்டியும். பாட்டி படுத்திருந்தது பின்னால் இடிக்காமல் விட்டிருந்த பழைய மண் வீட்டில். "அது பகல்ல அடுப்பு மாதிரி கொதிக்குது சார். பத்திரத்துக்கு அது, படுக்க இது" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. எழுத இடமும் இல்லை. 2011இல் 300 சதுர அடிப் பசுமை வீடு, 2024இல் 360 சதுர அடிக் கனவு இல்லம் என்று திட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வரட்டும், வேண்டும். ஆனால் கான்கிரீட்டுக்கும் குடிசைக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஆரோவில்லில் 1989 முதல் அதைச் செய்துகாட்டுகிறார்கள். மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சிமென்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திய கற்கள். சுட வேண்டியதில்லை, விறகும் மிச்சம். கல் மேடையும் மண் சுவரும் அப்படியே இருக்க, கூரையை மட்டும் ஒழுகாமல், தீப்பிடிக்காமல் செய்து கொடுத்திருந்தால் பாட்டிக்கு இரண்டு வீடு தேவைப்பட்டிருக்காது.

அதே மலையில் காவலூரில், 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நட்சத்திரத்தை அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்த நாம், அடிவாரத்து வீட்டுச் சுவரை ஒரு சொல்லில் முடித்துவிட்டோம். அந்தச் சொல்லை எழுதிய கைகளில் ஒன்று என்னுடையது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் மண் வீட்டில் பிறந்தவர்கள். சுவரில் யார் கைத்தடம் இருந்தது, யார் மெழுகினார்கள், எந்த வருஷம் இடித்தீர்கள் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். டெவன் படத்தைப் பார்த்து அவர்கள் ஆச்சரியப்படும்போது, நம் வீட்டிலும் அது இருந்தது என்று தெரியட்டும்.