தடுத்தவரே அடித்த கோல்: ஜர்னைல் சிங்கும் 1962 தங்கமும்

கால்பந்தாட்டத்தில் கோல் போட்டவர் பெயர்தான் நிற்கும். கோலைத் தடுத்தவர் பெயர் மறுநாளே மறந்து போகும். "பின்னால நிக்கிறவனுக்கு என்ன பெரிய வேலை?" என்று நம் சந்தாபுராப் பிள்ளைகள்கூடக் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு இந்தியக் கால்பந்து வரலாறு தரும் பதில் ஜர்னைல் சிங்.

1936-ல் இன்றைய பாகிஸ்தானிலுள்ள லயால்பூர்ப் பகுதியில் பிறந்தவர் அவர். தேசப் பிரிவினையில் குடும்பம் ஊரை விட்டு ஹோஷியார்பூர் வந்தது. மாஹில்பூர் கால்சா கல்லூரியில் ஆடிப் பெயர் எடுத்தார். பிறகு பிழைப்புக்கும் பந்துக்குமாகக் கல்கத்தா போனார். 1959 முதல் 1968 வரை மோகன் பகான் அணியின் பின்களத்தில் அவர்தான் சுவர். எதிரணி முன்வரிசைக்கு ‘ஸ்டாப்பர்’ என்றால் என்னவென்று காட்டியவர். 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் ஆடினார்.

1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என்று வென்றபோது ஜர்னைலுக்குத் தலையில் அடிபட்டு ஆறு தையல் போட்டார்கள். ஜப்பானை 2-0 என்று வென்றாகிவிட்டது. அரையிறுதி வந்தது. காயத்தோடு அவரைப் பின்களத்தில் நிறுத்துவது ஆபத்து. வெளியே உட்கார வைக்கவும் மனமில்லை. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் ஒரு முடிவு எடுத்தார்: அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். கட்டுப் போட்ட தலையோடு இறங்கிய ஜர்னைல் தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். சுனி கோஸ்வாமி இரண்டு. 3-2 வெற்றி.

செப்டம்பர் 4 இறுதியாட்டம். எதிரே மறுபடியும் தென் கொரியா. இந்தோனேசியா இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி கண்டித்திருந்ததால், மைதானத்துக் கூட்டம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சலிட்டது. பி.கே. பானர்ஜி 17-ஆவது நிமிடத்தில் முதல் கோல் அடித்தார். மூன்று நிமிடத்தில் ஜர்னைல் இரண்டாவதை அடித்தார். கடைசி நேரத்தில் கொரியா ஒன்றைத் திருப்பியது. 2-1. தடுக்க வந்தவர் அடித்த அந்தக் கோல் இல்லையென்றால் தங்கம் நிச்சயமில்லை. அதற்குப் பின் இன்றுவரை இந்தியாவுக்குக் கால்பந்தில் ஆசிய விளையாட்டுத் தங்கம் கிடைக்கவில்லை. ரஹீம் அவர்கள் 1963 ஜூனில் புற்றுநோயால் காலமானார்.

இந்த வெற்றியில் நமக்கும் பங்கு உண்டு. இறுதியாட்டத்தில் கோலைக் காத்தவர் ஊட்டி அருகே வெல்லிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் வளர்ந்த பீட்டர் தங்கராஜ். அந்த அணியில் இடம்பெற்ற அருமைநாயகம் நம் பெங்களூர்க்காரர். கல்கத்தா போய் மோகன் பகானில் ஜர்னைலோடு ஆடியவர். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் சேர்ந்தே அந்தத் தங்கத்தைக் கொண்டு வந்தார்கள்.

1964-ல் அர்ஜுனா விருது பெற்ற ஜர்னைல், பின்னர் இந்திய அணிக்கும் ஆசிய நட்சத்திர அணிக்கும் தலைமை தாங்கினார். 2000-ல் கனடாவில் மறைந்தார்.

இப்படிப்பட்ட கோல்களை நம் காலத்திலும் கண்டோம். 2018 மார்ச் 17 அன்று கண்டீரவா மைதானத்தில் சென்னையின் தடுப்பாட்டக்காரர் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு கோல் முட்டி, பெங்களூரை 3-2 என்று தோற்கடிக்க வழி செய்தார். பிறந்த ஊரா, பிழைக்கும் ஊரா என்று நம் வீடுகளில் அன்று இருமனசு! சரியாக ஓராண்டு கழித்து, 2019 மார்ச் 17-ல், மும்பையில் நடந்த இறுதியாட்டத்தின் 117-ஆவது நிமிடத்தில் பெங்களூரின் தடுப்பாட்டக்காரர் ராகுல் பேகே தலையால் முட்டிய ஒரே கோல் கோப்பையைக் கொண்டு வந்தது.

ஆகவே பிள்ளைகளே, "நீ பின்னால நில்லு" என்று யாராவது சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். ஜர்னைலும் அங்கேதான் நின்றார். கூப்பிட்டபோது முன்னே போனார்.