ஒரு கட்டளைக்குறியின் வரலாறு: ஆர்சிங்க்கும் அழித்தல் என்னும் சிக்கலும்

1996 ஜூன் மாதத்தில், கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கராஸ் ஆகிய இருவரும் ஒரு சிறு தொழில்நுட்ப அறிக்கையை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல் இது: ஒரு கோப்பின் பழைய வடிவம் ஒரு கணினியிலும் புதிய வடிவம் தொலைவிலுள்ள மற்றொரு கணினியிலும் உள்ளன, இடையிலுள்ள இணைப்போ மிக மெதுவானது. இரண்டையும் ஓரிடத்தில் வைத்து ஒப்பிட இயலாத நிலையில், முழுக் கோப்பையும் அனுப்பாமல் பழையதைப் புதியதாக்குவது எவ்வாறு?

பெறும் கணினி தன்னிடமுள்ள பழைய கோப்பைச் சில நூறு பைட்டுகள் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் விரைவாகக் கணக்கிடத்தக்க ஒரு சரிபார்ப்புத்தொகையையும், எளிதில் ஏமாறாத மற்றொன்றையும் அனுப்புகிறது. அனுப்பும் கணினி புதிய கோப்பின்மீது ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து, பொருந்தும் துண்டுகளைக் கண்டறிந்து, எஞ்சியதை மட்டும் அனுப்புகிறது. லினக்ஸ் கருவின் 1.99.10, 2.0.0 ஆகிய இரு பதிப்புகளை அறிக்கை சோதனைக்கு எடுத்துக்கொண்டது. முன்னதிலிருந்த 2441 கோப்புகளில் 291 மாறியிருந்தன, 19 நீக்கப்பட்டிருந்தன, 25 புதிதாகச் சேர்ந்திருந்தன.

இக்கருவியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மாறிய 291 கோப்புகளைச் சுற்றியே நிகழ்கிறது. அறிவுக்கூர்மை அங்கேதான் வெளிப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் கருவியின் பிற்கால வரலாற்றை நீக்கப்பட்ட 19 கோப்புகளின் வழியாகப் படிப்பதே பொருத்தமானது. மூலத்தில் இல்லாத ஒன்று நகலில் இருக்கலாமா?

மென்பொருள் களஞ்சியங்களின் நகல் தளங்களைப் பேணுவோருக்கு இதில் ஐயமில்லை. மூலத்தில் நீங்கியது நகலிலும் நீங்க வேண்டும். அதற்கென உள்ளதே ‘டெலிட்’ என்னும் குறி. அது இயல்பிருப்பாக வைக்கப்படவில்லை. பயனர் கேட்டாலன்றி ஆர்சிங்க் எதையும் அழிப்பதில்லை. மூலத்தைப் படிக்கையில் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை நேர்ந்தால் அழித்தல் தானாகவே நிறுத்தப்படும். எத்தனை கோப்புகள் வரை அழிக்கலாம் என வரம்பிட ‘மேக்ஸ்-டெலிட்’ உண்டு. செய்யப்போவதை முன்கூட்டிக் காட்ட ‘டிரை-ரன்’ உண்டு. ஒரே செயலைச் சுற்றி இத்தனை வேலிகள் எழுந்திருப்பது தற்செயலன்று.

அதே கட்டளையைக் காப்புப்பிரதிக்குப் பயன்படுத்தியபோதுதான் முரண் கூர்மையடைந்தது. ஆய்வாளர் ஒருவர் தவறுதலாக ஓர் இயலை அழித்துவிட்டால், அன்றிரவே ‘டெலிட்’ குறியுடன் ஓடும் கட்டளை காப்புப்பிரதியிலிருந்தும் அதனை அகற்றிவிடும். தரவு வட்டு இணைக்கப்படாமல் வெற்று அடைவு மட்டும் எஞ்சியிருந்தால், அதுவும் பிழையாகத் தோன்றாது. முறையான வெறுமையாகவே கொள்ளப்படும். இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. அளவும் திருத்த நேரமும் ஒத்திருந்தால் கோப்பு மாறவில்லை என்றே ஆர்சிங்க் முடிவுசெய்கிறது. உள்ளடக்கம் சிதைந்திருப்பினும் அதை அறியாது. ‘செக்சம்’ குறி இட்டால் மட்டுமே இரு பக்கமும் முழுமையாகப் படிக்கப்படும்; அதற்கான காலச்செலவு பெரிது. ‘ஆர்கைவ்’ எனப் பெயரிட்ட குறிகூட வன்இணைப்புகளைப் பேணுவதில்லை; அதற்குத் தனிக் குறி வேண்டும். ஆவணக்காப்பகம் என்னும் சொல்லை ஆவணவியலார் இவ்வளவு தளர்வாகக் கையாள ஒப்பார்.

இதற்குரிய விடை முதலில் பயனர்களிடமிருந்தே வந்தது. முந்தைய நாளின் நகலை வன்இணைப்புகளால் இரட்டித்து, அதன்மேல் ஆர்சிங்க்கை ஓட்டும் முறையை மைக் ரூபெல் விளக்கி எழுதினார். 2003 ஜனவரியில் வெளியான 2.5.6ஆம் பதிப்பு, ‘லிங்க்-டெஸ்ட்’ என்னும் குறியால் இவ்வழக்கத்தைக் கருவிக்குள்ளேயே கொணர்ந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முழு அடைவு தோன்றும். மாறாத கோப்புகளோ வட்டில் ஒருமுறையே இடம்பெறும். நேற்று அழிக்கப்பட்ட இயல் முந்தைய நாளின் அடைவில் இருக்கும். ஆனால் அந்த நாள்களெல்லாம் பகிர்ந்துகொள்வது ஒரே பௌதிகக் கோப்பைத்தான். வட்டின் அப்பகுதி பழுதுற்றால் அக்கோப்பு எல்லா நாள்களிலும் ஒருசேரப் பழுதுறும்.